ஜெனிவாவில் வாக்களிக்கும் 47 நாடுகளுக்கு

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உறுப்பு நாடுகளுக்கு வணக்கம்.

நான் திருகோணமலைக்காரன். எங்கள் கடற்கரையில் காந்தி சிலையடியில் பின்னேரம் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்தால் நேரம் போவது தெரியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்கேதான் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சவச்சாலையில் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்த மாதம் முடியமுன்னமே அவரையும் சுட்டுவிட்டார்கள். வழக்கு இழுபட்டு இழுபட்டு, 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டுப் போனபிறகு சாட்சியம் எங்கிருந்து வரும்? அதே 2006 ஓகஸ்டில், குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அதற்கும் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 2009 மே மாதம், போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, விசேட அமர்வு கூட்டி அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றினீர்கள். கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவே 2011இல் சொன்னது. அப்புறம் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். 2021இல் ஆதாரம் திரட்ட ஒரு பிரிவு அமைத்தீர்கள், அது நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறா. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை லெமினேற் செய்து வைத்திருக்கிறா, ஒவ்வொரு போராட்டத்துக்கும் வெயிலில் பிடித்துப் பிடித்து முகம் வெளிறிப்போய்விட்டது, சட்டையின் கோடுகள்தான் இப்போது தெரிகின்றன. அவவுக்கும் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. ஒவ்வொரு செப்டெம்பரும் என்னிடம் கேட்பா, "தம்பி, ஜெனிவாவில இந்தமுறை என்னவாம்?"

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை, பாதுகாப்புச் சபை வழியாக அங்கே அனுப்பலாமென்றால் வல்லரசுகளின் வீட்டோ (தடுக்கும் அதிகாரம்) இருக்கிறது, இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். சரி, அதை விடுங்கள். சிரியாவில் நடந்த சித்திரவதைக்காக 2022 ஜனவரியில் ஜேர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஒரு முன்னாள் அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்ததே, அதற்கு எந்த வீட்டோவும் குறுக்கே வரவில்லை. உலகளாவிய நியாயாதிக்கம், அதாவது இப்படியான பாரிய குற்றம் எந்த நாட்டில் நடந்தாலும் உங்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கும் அதிகாரம், உங்களில் பலரின் சட்டத்திலேயே இருக்கிறது. திரட்டிய ஆதாரங்களை உங்கள் வழக்குத்தொடுநர்களிடம் கொடுங்கள். உங்கள் நாட்டில் சாட்சிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயது போகிறது, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு வாக்குமூலம் எடுங்கள்.