இழுபட வேண்டும், அறுபடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில், பிளாஸ்டிக் நூல் எல்லாமே நெசவுக்கு வந்த கேடு என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டு வேட்டிக்குப் பேர்போன நம் சேலத்தில் அப்படி ஒரு ஆதங்கம் வருவது நியாயம்தான். நானோ அந்த நூலில்தான் சோறு சாப்பிடுகிறேன். அம்மாப்பேட்டையில் நாடா, அதாவது கட்டும் பட்டை, நெய்கிற 6 தறி ஓட்டுகிறேன். அதற்கு முன் 11 வருடம் வடக்கே பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் நூல் செய்யும் ஒரு ஆலையில் ஷிப்ட் பார்த்தவன். அதனால் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவார்கள். இளங்கொடி வேர்விட்டு மரத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை கணுவுக்குக் கணு கட்டிவிட வேண்டும். சணலில் கட்டினால் ஒரு மழையில் இற்றுப்போகும். சாதாரண பிளாஸ்டிக் கயிற்றில் கட்டினால் மரம் பருக்கப் பருக்கக் கயிறு கொடிக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கிய ஒரு கொடியை மேஸ்திரி எனக்குக் காட்டினார். கயிறு இருந்த இடத்தில் தண்டு பென்சில் கனத்துக்கு நெரிந்து, அதற்கு மேலே இலையெல்லாம் மஞ்சளாகத் தொங்கியது. காற்றுக்கு அறுபடாமல், மரம் பருத்தால் இழுபட்டுக் கொடுக்கிற நாடா வேண்டும் என்றார். சரி, செய்து தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். உங்கள் வீட்டில் அரிசி வாங்கிய வெள்ளைப் பாலிப்ரொப்பிலீன் சாக்கு இருந்தால் அதில் ஒரு பட்டையை உருவி நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். விரலைத்தான் அறுக்கும், அது அறுபடாது. அதையே நகத்தால் குறுக்கே கீறுங்கள், நார் நாராகப் பிரிந்து வரும். பிளாஸ்டிக் குருணையை உருக்கிச் சல்லடைத் துளை வழியாகத் தள்ளும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரிதான் கிடக்கும். ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுற்றும் சூடான உருளைகளில் நூலைப் பல மடங்கு இழுத்த பிறகுதான் அவை சீப்பால் வாரியது போல ஒரே திசையில் படிகின்றன. பலம் அப்போது வருகிறது, நீட்சி அப்போதே போய்விடுகிறது. ஆலையில் எங்களுக்குத் தினமும் இதே போராட்டம். இழுவையைக் கூட்டினால் நூல் விறைக்கும், குறைத்தால் தொய்யும். தொய்கிற நூல் ஒருமுறை நீண்டால் நீண்டதுதான், திரும்பி வராது.

இரண்டையும் சேர்த்துப் பெற வழி இருக்கிறது. புரோப்பிலீனோடு கொஞ்சம் எத்திலீனைச் சேர்த்துப் பாலிமராக்கினால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி நிற்க முடியாமல் ரப்பர் குணம் வரும். அது தனியாக இருந்தால் பிசுபிசுவென்று ஒட்டும், பலமும் போதாது. அதனால் உள்ளே அந்த இழுபடும் ரகத்தையும் வெளியே வழக்கமான பாலிப்ரொப்பிலீனையும் வைத்து ஒரே நூலாக இறக்குவார்கள், அல்லது இரண்டையும் கலந்தே உருக்குவார்கள். உள்ளாடைப் பட்டைக்கெல்லாம் இன்று போடுகிற ஸ்பான்டெக்ஸ் 1958-ல் டூபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்தது. அது பாலியூரித்தேன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். பாலிப்ரொப்பிலீனோடு சேர்த்து நெய்துவிட்டால், அந்தக் கழிவை எங்கள் காயலான் கடைக்காரர் கையால் தொடமாட்டார். இரண்டும் ஒரே குடும்பமாக இருந்தால் நாடாவை அப்படியே உருக்கித் திரும்பக் குருணை ஆக்கலாம். பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்படும் வாசகர் இதைக் கவனிக்க வேண்டும்.

என் நாடா தோற்றது வேறு இடத்தில். 2023 மார்ச்சில் 40 ரோல் மேலே அனுப்பினேன். நீட்சியில் குறை சொல்ல முடியாது. மறு வருடக் கோடையில் மேஸ்திரி போன் செய்தார். "என்னங்கண்ணா, ஒரு வெயிலுக்குக்கூடத் தாங்கலையே?" உடனே வண்டி எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தேன். நிழலுக்கு விட்டிருந்த கிளைகளைக் கழித்த பக்கம் முழுக்க நாடா வெளிறிக் கிடந்தது. இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தேன், சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிர்ந்தது. அந்தப் பொடி முழுக்கக் காப்பிச் செடியின் தூரில் விழுந்தது. எனக்கு அவ்வளவு வேதனை. பாலிப்ரொப்பிலீனுக்கு வெயில் ஆகாது, புற ஊதாக் கதிர் சங்கிலியை வெட்டிவிடும். அதற்கென்று ஒரு காப்பு மருந்தை உருக்கும்போதே சேர்ப்பது ஆலை வழக்கம். கரிக் கறுப்பு கலந்தால்கூடப் பல மடங்கு தாங்கும். நூல் விற்றவர் எந்தக் காப்பும் சேர்க்காத நூல் கோனைக் கொடுத்திருக்கிறார். கோன் சீட்டில் டெனியரும் (நூல் கனத்தின் அளவு) எடையும்தான் இருந்தன. 11 வருடம் நூல் ஆலையில் இருந்த நானே கேட்காமல் வாங்கிவிட்டேன். நாடா மட்டும் முழுசாக இருந்திருந்தால், கொடி பிடித்தபின் அவிழ்த்து மூட்டை கட்டிக் கீழே கொண்டுவந்திருக்கலாம்.

நான் கேட்பது இதுதான். நம் ஊரில் 1960-லிருந்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே ஐந்து பத்து கிலோ உருக்கி நூல் இறக்கிப் பார்க்கிற சிறிய எந்திரம் ஒன்றும், நூலை வெயில் விளக்கின் கீழ் வைத்துச் சோதிக்கும் பெட்டி ஒன்றும் நாள் வாடகைக்குச் சிறு தறிக்காரர்களுக்குக் கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும். பெரிய ஆலைகள் டன் கணக்கில் ஆர்டர் கேட்கின்றன. எனக்குத் தேவை முதலில் பத்து கிலோ, அது சரியா தப்பா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், நூல் விற்பவர்கள் கோன் சீட்டில் எத்தனை சதவீதம் நீளும், விட்டால் எவ்வளவு திரும்பும், வெயில் காப்பு உண்டா இல்லையா என்ற மூன்றையும் அச்சிடச் சட்டம் வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றுக்கு முன்னால் கொடி கட்ட வேண்டும் என்று மேஸ்திரி மறுபடியும் என்னிடமே கேட்டிருக்கிறார். இந்த வருடத்துக்குச் சணல் கயிறுதான் வாங்கி அனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
நாடா தறி உரிமையாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்.