பூட்டிய வீட்டுக்குள் ஊளையிடும் நாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்ப்பவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இடையே மூளும் சண்டைகள் பல, பகலில் ஆளில்லாத வீட்டுக்குள் நாய் ஓயாமல் குரைப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. அதைச் சேட்டை என்றும், செல்லம் கொடுத்துக் கெடுத்த வளர்ப்பு என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2020 ஊரடங்கின்போது தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்து, மணி என்று பெயரிட்டு வளர்த்தோம். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு எங்களில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்துகொண்டே இருந்ததால், தனியாக இருப்பது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பிறகு அலுவலகமும் பள்ளியும் திறந்ததும் ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அன்று முதல், மாலையில் திரும்பினால் வாசற்கதவின் உட்புறம் பிறாண்டப்பட்டு மரத்தூள் உதிர்ந்திருக்கும்; நிலைப்படியருகே எச்சில் தேங்கியிருக்கும். அது விரும்பித் தின்னும் முட்டைச் சோறு வைத்தது வைத்தபடி எறும்பு மொய்த்துக் கிடக்கும். நான் உள்ளே நுழைந்த பிறகுதான் அதில் வாய் வைக்கும். நான் திட்டினேன், இரண்டு முறை அடித்தும் விட்டேன். காதை மடக்கித் தலையைத் தாழ்த்தி அது நின்றதைப் பார்த்து, செய்த தப்பு அதற்கே தெரிகிறது என்று எண்ணிக்கொண்டேன். நாயின் முகத்தில் நாம் காணும் அந்தக் குற்ற உணர்வு, அது உண்மையில் தவறு செய்ததா என்பதைவிட, வளர்ப்பவர் திட்டுகிறாரா என்பதையே பொறுத்தது என்று அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு கூறுவதைப் பின்னாளில்தான் படித்தேன். கதவைப் பிறாண்டி எத்தனையோ மணி நேரம் கழித்து நான் அடித்த அடி எதற்கென்றே மணிக்கு விளங்கியிருக்காது.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டாவது புகார் வந்ததும் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் மருந்து எதுவும் எழுதாமல், செல்போனை அலமாரியில் பதிவு செய்ய வைத்துவிட்டு வெளியே போய்வரச் சொன்னார். அன்றிரவு அதைப் பார்த்தோம். நான் சாவியை எடுத்தபோதே மணி நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க ஆரம்பித்திருந்தது. கதவு சாத்தி நான்கு நிமிடம் ஆவதற்குள் ஊளை, பிறகு கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஓட்டம். செல்போனிலிருந்து வந்த தன் ஊளையைக் கேட்டு, என் காலடியில் படுத்திருந்த மணி எழுந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. என் மகன் அழுதுவிட்டான்.

இதைத்தான் மருத்துவர்கள் செபரேஷன் ஆங்சைட்டி, அதாவது பிரிவுப் பதற்றம் என்கிறார்கள். பொழுதுபோகாத நாய் செருப்பையும் தலையணையையும் கடிக்கும். பிரிவுப் பதற்றம் உள்ள நாயோ பெரும்பாலும் ஆள் வெளியேறிய வழியையே குறிவைக்கும். நாம் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். பிடித்த தீனியைக்கூடத் தொடாது. கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளவும் கூடும். துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அது தேடுவது மனிதரை என்பதால், அதனால் பெரும்பாலும் பயனில்லை என்றார் மருத்துவர்.

அவர் சொன்ன வைத்தியம் பொறுமை தேவைப்படுவது. சாவியை எடுத்துவிட்டு எங்கும் போகாமல் உட்கார வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நாய் தலையைத் தூக்காத நிலை வரும்வரை ஒரு நாளில் பலமுறை இதையே செய்ய வேண்டும். பிறகு அரை நிமிடம் வெளியே, ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று, நாய் பதறாத அளவுக்குள்ளேயே நேரத்தைக் கூட்ட வேண்டும். பதறிவிட்டால் பின்வாங்க வேண்டும். இந்தப் பயிற்சி முடியும்வரை அதை நீண்ட நேரம் தனியே விடவே கூடாது என்பதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடினமான நிபந்தனை. கீழ்வீட்டு அம்மா பகலில் மணியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டதால்தான் எங்களால் முடிந்தது. ஐந்து மாதம் ஆயிற்று. பதற்றம் மிகுந்த நாய்களுக்குப் பயிற்சியுடன் ஃப்ளூஆக்ஸிடின் போன்ற மருந்தும் தருவதுண்டு. அமெரிக்காவில் 2007இல் இதற்கென்றே அது நாய்களுக்கு அனுமதிக்கப்பட்டது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும் இம்மருந்தை மருத்துவரைக் கேட்காமல் யாரும் கொடுத்துவிடக் கூடாது.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறவருக்கு அந்த ஊளை எவ்வளவு பெரிய தொல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், வளர்ப்பு நாயை வெளியேற்றும்படி சங்கங்கள் வற்புறுத்தக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பதிலாகச் சில மாத அவகாசம் கொடுங்கள். பக்கத்து வளாகத்தில் ஒரு நாயைக் குரைக்கிறது என்பதற்காகப் பகல் முழுதும் பால்கனியில் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டார் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், ஒரே ஒரு நாள் செல்போனை வைத்துவிட்டுப் போய், மாலையில் குடும்பத்துடன் உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தாம்பரம், சென்னை.