ஆறு ஆட்டக் கணக்கும் ஐந்து பேர் வரிசையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, தாக்கும் அணியின் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைனில் நிற்கும் ஐவரும் இதுவரை எத்தனை ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடியிருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தது. தொகை சிறியது, ஆகவே அணி தேறாது என்று முடித்தும்விட்டது. கூட்டலில் பிழையில்லை. முடிவுதான் அவசரம்.

2024-ல் நோட்ர டாம் அணியின் கதையைப் பாருங்கள். ஜோ ஆல்ட், பிளேக் ஃபிஷர் என்ற இரண்டு டாக்கிள்களும் (வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள்) தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள். இடது டாக்கிளுக்கு வைத்திருந்த சார்லஸ் ஜகுசா ஆகஸ்ட் பயிற்சியில் காயம்பட்டு விலக, முதலாண்டு மாணவர் ஆந்தனி நாப் அந்த இடத்துக்கு வந்தார். தொடக்க வீரர்களாக ஐவருக்கும் சேர்த்து ஆறே ஆட்ட அனுபவம். அந்த வரிசையோடு ஆகஸ்ட் 31 அன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் கைல் ஃபீல்டில் இறங்கி 23-13 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரமே சொந்த மைதானத்தில் நார்தர்ன் இலினாயிடம் 16-14 என்று தோற்றார்கள். 2025 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டி வரை போய் ஓஹையோ ஸ்டேட்டிடம் விழுந்தார்கள். பருவத்தைத் தொடங்கியபோது இருந்த அதே 'ஆறு', இதில் எதை முன்கூட்டிச் சொன்னது?

புதிய வரிசையை எடைபோட முதலில் பிரிக்க வேண்டியது, பந்தை வாங்கி எறியும் குவாட்டர்பேக்கை எதிராளி எப்படி எட்டினார் என்பதை. யாருமே தொடாமல் நேராக உள்ளே வந்தாரா, தன்னைத் தடுத்தவரை வென்றுவிட்டு வந்தாரா? முதலாவது பேச்சுக் கோளாறு. வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் எந்த லைன்பேக்கரை மையமாக வைத்து எண்ணச் சொன்னார் என்பது, தனக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டுக்கும் ஓரத்து டாக்கிளுக்கும் ஒரே மாதிரி எட்டவில்லை. இரண்டாவது உடம்புக் கோளாறு: கால் பின்னால் போகும் வேகம், கை விழும் இடம், இடுப்பு பலம். பேச்சுக் கோளாறு மூன்று நான்கு ஆட்டங்களில் குறையும். உடம்புக் கோளாறுக்கு எடைக்கூடத்தில் ஒன்றிரண்டு வருடம் வேண்டும். இரண்டையும் 'அனுபவமின்மை' என்று ஒரே பையில் போட்டால் கணிப்பு கெடும்.

அனுபவத்தையும் ஆளாளுக்குத் தனியாக எண்ணக் கூடாது. கபடியில் கைகோத்த சங்கிலி எங்கே விடுகிறதோ அங்கேதான் ரைடர் நழுவுவார், இங்கேயும் அப்படித்தான். எதிரணி முன்வரிசையில் உள்ளே நிற்கும் டாக்கிளும் (அங்கேயும் அதே பெயர்தான்) ஓரத்தில் நிற்கும் எண்டும் ஓடிக்கொண்டே இடம் மாறும் ஸ்டன்ட் வரும்போது, நம் கார்டும் டாக்கிளும் ஆளைக் கைமாற்ற வேண்டும். இருவரும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் அது நடக்கும். ஒருவர் ஒரு கெஜம் முன்னால் நின்றால் இருவரும் மோதிக்கொள்வார்கள், நடுவில் கதவு திறக்கும். அதனால் வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக முப்பது ஆட்ட அனுபவத்தோடு வந்தவருக்கும், பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்த அனுபவம் பூஜ்யம்தான். வலது டாக்கிளை இடதுக்கு மாற்றினாலும் பழைய எண்ணிக்கை பாதிதான் செல்லும். முன்னால் வைக்கும் காலும் கையும் தலைகீழாகிவிடும்.

ஓட்ட ஆட்டத்தில் பார்க்க வேண்டியது இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும் இடம். அங்கே ஒருவர் சரியான நேரத்தில் விலகி லைன்பேக்கரிடம் போக வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் விலகிவிடுவார்கள், முன்னால் இருப்பவர் இன்னும் நகர்ந்திருக்க மாட்டார். பந்தோடு வருபவர் ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்வார்.

வெளியூர் மைதான இரைச்சல் தனிச் சோதனை. கைல் ஃபீல்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். 2024 முதல் உயர்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் பயிற்சியாளர் ஹெல்மெட் ரேடியோவில் பேசலாம். ஆனால் களத்தில் கேட்பவர் ஒருவர்தான், வழக்கமாக அது குவாட்டர்பேக். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் கெடு வைக்கும் ப்ளே கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போது அதுவும் நின்றுவிடும். லைன்காரர்களுக்கு ஒன்றும் கேட்காது. குவாட்டர்பேக்கின் சைகையைத் திரும்பிப் பார்த்துக் கார்டு சென்டரைத் தட்ட, சென்டர் தலையை நிமிர்த்தி ஒரு தாளம் விட்டு ஸ்நாப் செய்வார், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார். அந்தத் தாளம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் எதிராளி படித்துவிடுவார். மாற்றினால் நம்மவரே முந்தி அசைந்து ஐந்து கெஜம் இழப்பார். புதிய வரிசை இந்த இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

புள்ளிவிவரத்தில் ஒரு பொறி இருக்கிறது. பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கைக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவது சாக். என்எஃப்எல்லில் சாக் இழப்பு பாஸ் கணக்கில் கழியும். கல்லூரி ஆட்டத்தில் ஓட்டக் கணக்கில் கழியும். உதாரணமாக, 30 ஓட்டத்தில் 150 கெஜம் எடுத்த அணி நான்கு சாக்கில் 28 கெஜம் இழந்தால், 34 ஓட்டத்தில் 122 கெஜம் என்று பதிவாகும். ஓட்டத்துக்கு 5 கெஜம் என்பது 3.6 ஆகச் சுருங்கும். ஓட்டத்தில் தேர்ந்த வரிசைக்கு மோசம் என்று பெயர்.

அந்தச் சாக்குகளும் எல்லாம் வரிசையின் பாவம் அல்ல. கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஸ்நாப் முதல் அளந்து பாருங்கள். இரண்டரை விநாடிக்குள் விழுந்தால் பெரும்பாலும் வரிசையைக் கேட்கலாம். மூன்றரை தாண்டியும் பந்தைக் கையில் வைத்திருந்தவரை லைன் எத்தனை நேரம்தான் காக்கும்? நடுவிலிருந்து வரும் நெருக்கடிக்குக் கூடுதல் மதிப்பெண் போடுங்கள். ஓரத்திலிருந்து வந்தால் குவாட்டர்பேக் முன்னே ஏறித் தப்பலாம், நடுவில் வந்தால் ஏற இடமில்லை. அதனால்தான் புதிய டாக்கிளைவிடப் புதிய சென்டரைப் பார்த்து அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. டாக்கிளுக்குத் துணையாக, வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டைட் எண்டை நிறுத்தலாம், பந்தோடு ஓடுபவரான ரன்னிங் பேக் வழியில் எதிராளியை ஓர் இடி இடித்துவிட்டுப் போகலாம். சென்டருக்காகப் பேச ஆள் வைக்க முடியாது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது தொடக்க ஆட்ட எண்ணிக்கையோடு, பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் சேர்ந்து ஆடிய ஆட்டங்களையும், சாக் இழப்பை நீக்கிய ஓட்டச் சராசரியையும் இரண்டு பத்திகளாகச் சேருங்கள். இரண்டையும் பொதுவில் கிடைக்கும் ஆட்டக் குறிப்புகளிலிருந்தே எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இந்தியானா, அமெரிக்கா