சான்றிதழ் வேறு, சட்டம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டூவர்ட் அர்பன் எழுதி இயக்கிய 'ப்ரீச்சிங் டு தி பெர்வர்ட்டட்' (1997) என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் பற்றிய கட்டுரையில், கதையில் வரும் வழக்கை 'அதீதக் கற்பனை' என்று எழுதியிருந்தீர்கள். வலியில் இன்பம் காண்பவர்கள் கூடும் லண்டன் கிளப்புக்கு, ரகசிய கேமராவோடு ஓர் அப்பாவி இளைஞனை அனுப்பி ஆதாரம் திரட்டுகிறார் படத்து எம்.பி. சம்மதித்துச் செய்ததற்கு வழக்கா என்று நமக்குத் தோன்றும். அங்கே நிஜமாகவே போட்டிருக்கிறார்கள்.

'ஆபரேஷன் ஸ்பானர்' என்ற விசாரணை, 1987-இல் மான்செஸ்டர் போலீஸ் கையில் சிக்கிய ஒரு வீடியோ கேசட்டில் தொடங்கியது. சில ஆண்கள் சம்மதித்து ஒருவரையொருவர் வலிக்கச் செய்த காட்சிகள் அதில் இருந்தன. அதில் இருந்த ஆண்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை. நிரந்தரக் காயமும் யாருக்கும் இல்லை. ஆனால் உடலுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு வேறு. தோல் முழுதாகக் கிழிந்தால் 20-ஆம் பிரிவு. கிழியாமல் கன்றிப் போனால்கூட 47-ஆம் பிரிவுக்குப் போதும். சம்மதம் எதிர்வாதம் ஆகாது என்று விசாரணை நீதிபதி முதலிலேயே சொல்லிவிட்டதால், குற்றத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. ஐந்து பேர், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனார்கள். 1993 மார்ச்சில் 3-க்கு 2 என்று தோற்றார்கள். 1997 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கைவிட்டது. படம் வந்தது அதே ஆண்டில்தான்.

குத்துச்சண்டை, பச்சை குத்துவது, காது குத்துவது எல்லாம் இதற்கு விலக்கு. கோடு எங்கே என்று நீதிமன்றத்துக்கே தெளிவில்லை. மனைவி கேட்டுக்கொண்டாள் என்று சூடான கத்தியால் அவள் பிட்டத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்த கணவரை, 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அது பச்சை குத்துவது மாதிரியாம்!

வேடிக்கை என்னவென்றால், அதே பிரிட்டிஷார் 1860-இல் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவில், 18 வயது கடந்தவர் சம்மதித்தால், கொடுங்காயம் அல்லாத தீங்கு குற்றமாகாது. பொழுதுபோக்குக்கு வாள் வீசி விளையாடும் இருவர்தான் அங்கே உதாரணம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 25-ஆம் பிரிவு.

இன்னொரு திருத்தம். படங்களுக்குச் சான்றிதழ் தரும் பிரிட்டிஷ் வாரியத்தை 'அரசுத் தணிக்கைக் குழு' என்று எழுதியிருந்தீர்கள். அது 1912-இல் படத்துறையே அமைத்துக்கொண்டது. படத்தின் ஓட்ட நேரத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கிப் பிழைக்கிறது. வீடியோவுக்கு மட்டும் 1984 சட்டம் அதன் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. தியேட்டரில் கடைசி வார்த்தை உள்ளாட்சி மன்றத்துடையது. கார் விபத்தில் காமம் கொள்பவர்களைப் பற்றிய ஒரு கனடியப் படத்துக்கு 1997-இல் வாரியம் வெட்டே இல்லாமல் '18' (வயது வந்தோருக்கு மட்டும்) கொடுத்தும், லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்குள் திரையிட விடவில்லை.

அர்பனின் படத்தை அயர்லாந்து தடை செய்தது. பிரிட்டனில் '18' சான்றிதழோடு ஓடியது. ஆனால் மேக்கப் போட்டு நடித்துக் காட்டலாம் என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். அதே தழும்பை வீட்டில் நிஜமாக ஏற்படுத்தினால் சம்மதம் காப்பாற்றாது. 'அந்தக் காலத்துச் சட்டம்' என்று முடித்திருந்தீர்களே, 1993 தீர்ப்பின் அந்த விதியை 2021-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 71-ஆம் பிரிவில் எழுத்தாகவே சேர்த்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், மதுரை