வெண்கலச் சுற்றுக்கு முன் தலை பின்னிவிட்டவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மல்யுத்தப் போட்டியின் அரையிறுதியில் எங்கள் பெண் தோற்றது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லவில்லை. வெண்கலப் பதக்கத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவள் இப்போதுதான் தூங்கினாள். மனசு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பெரிய நன்றி, காலிறுதியில் எங்கள் பெண்ணிடம் தோற்ற வீராங்கனையின் உதவிப் பயிற்சியாளருக்கு. எங்கள் பெண் இறுதிக்குப் போயிருந்தால் அவருடைய வீராங்கனைக்கு ரெபசாஜில், அதாவது இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்கள் வெண்கலத்துக்காக மோதும் சுற்றில், இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அரையிறுதியோடு அதுவும் போயிற்று. எங்களால் அவருக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் மறுநாள் வார்ம்-அப் கூடத்தில், கையில் சீப்போடு எங்களைத் தேடி வந்தார்.

மல்யுத்தத்தில் முடி சின்ன விஷயமில்லை. உச்சியில் கொண்டை போட்டால், சிங்கிள் லெக் எடுக்க, அதாவது எதிராளியின் ஒற்றைக் காலைப் பிடித்து வீழ்த்த, தலையை எதிராளியின் விலாவில் முட்டும்போது அது நசுங்கி அவிழும். ஒற்றைச் சடை என்றால், தலையை அக்குளில் வாங்கி இறுக்கும்போது கைக்கடியில் மாட்டி இழுபடும். முடி கண்ணில் விழுந்து நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால், கட்டி எழுப்பிய வேகம் அறுந்துவிடும். எதிராளிக்கோ மூச்சு வாங்க நேரம். ஊசி, கிளிப் என்று உலோகம் எதுவும் ஆகாது. வழவழப்புக்கு இடமில்லை என்பதால் எண்ணெயும் வைக்க முடியாது.

அவர் தண்ணீர் தொட்டே சீவினார். நெற்றியிலிருந்து பிடரி வரை நேர்வகிடு. நெற்றி ஓரத்தில் மூன்று கால் எடுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடி சேர்த்து, மண்டையோடு ஒட்டினாற்போல் இரண்டு பின்னல். இடது புருவத்தில் தையல் இருந்ததல்லவா? அந்தப் பக்கம் முதல் இரண்டு மடிப்பை மட்டும் தளர விட்டார், தோல் இழுபடாமலிருக்க, மூன்றாவதிலிருந்துதான் இறுக்கினார். எங்களுக்கு அது தோன்றியிருக்காது. கடைசியில் இரண்டு நுனியையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் இரண்டு இடத்தில் கட்டி, பிடரிக் குழியில் தட்டையாகச் செருகினார். தலையையும் பாதங்களையும் ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் பிரிட்ஜ் போட்டாலும், மல்லாக்க விழுந்தாலும் முடிச்சு உறுத்தாத இடம் அதுதான்.

வெண்கல ஆட்டம் மூன்று நிமிடம், முப்பது விநாடி இடைவேளை, மறுபடி மூன்று நிமிடம். முடிக்காக ஒரு தடவைகூட ஆட்டம் நிற்கவில்லை.

புருவத்தில் தையல் போட்டு, காலையில் மறுபடி பார்த்து அனுமதித்த மருத்துவர். இரண்டாம் நாள் எடை பார்க்கும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு முன்பே சோதனைத் தராசுப் பக்கம் எங்களைக் கூட்டிப்போன தன்னார்வலர்கள். படர்தாமரை பரவாமல் ஓயாமல் மல்யுத்த விரிப்பைத் துடைத்தவர்கள். தங்கள் ஆட்டம் முடிந்த பிறகும் பயிற்சிக்குப் பிடி கொடுக்க வந்து நின்ற சக வீராங்கனைகள்: உங்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறோம்.

பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸில்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது, நான்கே எடைப் பிரிவுகளோடு. 2016 முதல் ஆறு. ஆறு நிமிடமும் ஒன்பது மீட்டர் வட்டமும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றே. ஆனால் இந்தப் பின்னல் மாதிரியான கைப்பழக்கம் ஒருத்தி இன்னொருத்திக்குச் செய்துகாட்டித்தான் வருகிறது.

இனி எங்கள் முதலுதவிப் பையில் டேப்புக்குப் பக்கத்தில் சீப்பும் துணி ரப்பர் பேண்டும் இருக்கும். சிவப்பு உடுப்போ நீல உடுப்போ, எந்த அணிப் பெண்ணானாலும் வந்து உட்காரட்டும், பின்னிவிடுகிறோம். அடுத்த சுற்றில் எங்கள் பெண்ணோடு மோதப்போகிறவளானாலும் சரி.