காகம் வந்தது, பிள்ளை

கோண்டாவில்,
தை மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நானும் தம்பியும் சுகம். நீயும் மருமகனும் சின்னவனும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் கொப்பித் தாளில் எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

போன கிழமை கேட்டாய்: "அம்மா, ஸ்நோவுக்குள்ளை ஒரு சிவப்புக் குருவி நெடுக வந்து யன்னலடியிலை இருக்குது. செத்த ஆக்கள்தான் அப்பிடி வருவினமாம் எண்டு வேலையிடத்திலை ஒரு வெள்ளைக்கார மனுசி சொல்லுறா. அப்பாவாய் இருக்குமோ?" நான் "கண்டதையும் நினையாதை" என்று உன் வாயை அடைத்துவிட்டேன். பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பா செத்து எட்டாம் நாள் படைத்த எட்டுச் செலவு அன்று கேட்ட சொல்லை நீ இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும்.

அன்று தம்பி வாட்ஸப்பில் உனக்குக் காட்டிக்கொண்டு நின்றான். படையல் முடிந்து, வாழையிலைத் துண்டில் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, அப்பாவுக்கு விருப்பமான விளைமீன் பொரியல், ஒரு வடை எல்லாம் எடுத்து மதிலில் வைத்தோம். கா கா என்று கூப்பிட்டே களைத்துப்போனோம். காகம் மாமரத்தில் இருந்தபடி பார்த்தது, இறங்கவில்லை. அப்போதுதான் பின்னால் நின்ற ஒருவர், "மூத்தவள் வராத குறை. அதுதான் தொடுகுதில்லை" என்றார். உன் முகம் மாறியதைப் போனில் கண்டேன். உடனே லைனும் போய்விட்டது. நீயாகத்தான் வைத்திருப்பாய்.

கேள் பிள்ளை, காகம் வந்தது. நீ போனை வைத்து அரை மணித்தியாலம் இருக்கும். சனமெல்லாம் சாப்பிட உள்ளே போய் முற்றம் வெறுமையான பிறகு வந்தது. மதிலில் பக்கவாட்டாய்த் தத்தித் தத்தி வந்து, கழுத்தைச் சரித்து ஒருதரம் பார்த்து, முதலில் வடையைத் தூக்கியது. பிறகு இன்னும் இரண்டு வந்தன. மீன் முள்ளைக்கூட விடவில்லை. கிணற்றடியில் நின்று நான் ஒருத்திதான் பார்த்தேன். அத்தனை பேர் நின்று கத்தினால் எந்தக் காகம் இறங்கும்? இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு மாதம் ஓடிவிட்டது. அம்மாவை மன்னித்துக்கொள்.

காகம் தொடாவிட்டால் செத்தவருக்கு ஏதோ மனக்குறை என்பார்கள். நானும் அதை நம்பி வளர்ந்தவள்தான். ஆனால் செத்த வீட்டில் குறி சொல்லி ஒரு பிள்ளையின் தலையில் பழியைப் போடுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பேப்பர் சரிவராமல் உன்னால் வரமுடியாது என்று அப்பாவுக்கு வடிவாய்த் தெரியும். "அவளை அந்தரப்பட வேண்டாமெண்டு சொல்லு" என்று ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்து இரண்டு தரம் சொன்னவர்.

காகத்துக்கும் அப்பாவுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது நீ கைப்பிள்ளை. மழைக்குள் உன்னைத் துவாயால் மூடிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு ஒருதரம் நின்று நின்று தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை, வளவு நிறையப் புல். அதைவிட என்னைப் பயப்படுத்தியது அந்த அமைதி. விடிய எழும்பினால் ஒரு காகச் சத்தம் இல்லை. சனம் இல்லாத ஊரில் காகத்துக்கு என்ன வேலை? மூன்று கல் வைத்துச் சமைத்த முதல் சோற்றில் ஒரு பிடி எடுத்து அப்பா இடிந்த மதிலில் வைத்தார். இரண்டு நாளும் எறும்புதான் தின்றது. மூன்றாம் நாள் காலை, குளித்த ஈரத்தோடு ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்: "இஞ்சை வா, காகம் வந்திட்டுது. இனிச் சனமும் வரும்."

அன்றிலிருந்து ஒரு பிடி வைக்காமல் அவர் சாப்பிட்டதில்லை. இப்போது நான் வைக்கிறேன். அதே நேரத்துக்கு ஒன்று வந்து, சோற்றைத் தொடமுன் குசினி வாசலைப் பார்க்கிறது. அது அப்பாவோ, அப்பாவைத் தேடுகிற காகமோ எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த நேரத்தில் எனக்குத் தனிமை இல்லை.

உன் மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுச் செலவுக்கு விடியவே வந்து சோறு வடித்தா, கறி காய்ச்சினா, பந்தி பார்த்தா. காகத்துக்கு வைக்கிற இலையை மட்டும் கையால் தொடவில்லை. சண்டை முடிந்த 2009 வைகாசியில் வட்டுவாகலில் மகனைத் தன் கையால் ஆமியிடம் ஒப்படைத்தவ. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அவவும் படத்தோடு போய் இருந்தவ. அந்தப் படத்துக்கு இன்றைக்கும் மாலை இல்லை, பொட்டு இல்லை. பிண்டம் வைத்தால் செத்தான் என்று தாயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

ஆனால் விடிய அவவின் வேலியில் காகம் கத்தினால், உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவா. காகம் கரைந்தால் வீட்டுக்கு ஆள் வரும். என் மதிலுக்கு வருகிற அதே காகம்தான் இரண்டு வளவு தள்ளி அங்கேயும் கத்துகிறது. எனக்குப் போனவர் வந்தார், அவவுக்கு வரவேண்டியவன் வரப்போகிறான். அப்பாவின் சாம்பலைத் தம்பி கீரிமலைக் கடலில் கரைத்துக் கேணியில் முழுகி வந்தான். எனக்கு அழுது முடிக்க ஒரு நாள் இருந்தது. உன் மாமிக்கு அதுகூட இல்லை. அவவைப் பார்க்கும்போதெல்லாம் நான் கொடுத்துவைத்தவள் என்று நினைக்கிறேன். இப்படி நினைக்கவே நெஞ்சு வலிக்கிறது.

உன் குருவி அப்பாவோ இல்லையோ, அம்மாவால் சொல்ல முடியாது. பல்லி சொன்னாலே நான் நிமிர்ந்து பார்க்கிறவள், உன்னைப் பார்க்காதே என்று எந்த வாயால் சொல்ல? அதன் பெயர் கார்டினல் என்றும், குளிருக்கும் ஊரை விட்டுப் போகாது என்றும், சூரியகாந்தி விதை தின்னும் என்றும் தம்பி பார்த்துச் சொன்னான். சாப்பிடமுன் ஒரு பிடி வை. சின்னவனின் கையால் வைப்பி. உடனே இறங்கவில்லை என்றால் மனம் நோகாதே. யன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில், ஆட்கள் நின்றால் இறங்காது.

அன்புடன்,
அம்மா