குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வீட்டுக்காரர்களே, வாடகைக்குக் குடியிருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். குடியிருப்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

இந்த அறிக்கை 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரைக்குமானது. அதற்குப் பிறகு நடந்ததையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்பீர்கள். செயற்குழு ஒன்பது முறை கூடியது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். நடவடிக்கைப் புத்தகத்தில் அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வருடத்தின் பெரிய வேலை மூன்றாம் குறுக்குத் தெரு முனைதான். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொது உபயோகத்துக்கென்று தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மூன்றாம் குறுக்குத் தெரு முனையில் இருப்பது நம் நகரின் ஓ.எஸ்.ஆர். நிலம். வரைபடத்தில் அந்த இடம் பூங்கா. நேரில் போனால் சீமைக்கருவேலம், யாரோ இடித்த வீட்டின் செங்கல், ஸ்கூட்டரை நிறுத்தாமலே இரவில் வீசிவிட்டுப் போன கேரி பேக்குகள். வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறது என்று தெருத் தொட்டிகளை எடுத்தபிறகு இது இன்னும் மோசமானது. வண்டி வருவது காலை ஏழரைக்கு. ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்த முனைதான் தொட்டி.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் இதைச் சரிசெய்யலாம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். கம்பி வேலி, நடைபாதை, இரண்டு விளக்கு, ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் சேர்த்துப் பொறியாளர் போட்ட மதிப்பீடு 9 லட்சம். நம் பங்கு 3 லட்சம். நம் நகரில் 186 வீடுகள். வீட்டுக்கு 2,000 ரூபாய் வாங்கினால் மிச்சமே வரும் என்று கணக்குப் போட்டோம். கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

கதவு தட்டுவது எனக்குப் புதிதல்ல, 31 வருடம் தபால்காரனாகத் தட்டியவன்தான். ஆனால் அப்போது கொடுக்கப் போனேன், இப்போது வாங்கப் போகிறேன். திறக்கிற முகமே வேறு. “அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?” என்று நிறைய பேர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்டபடியே ஏழெட்டு வருடம் ஓட்டிவிட்டோம் என்பதுதான் என் பதில். “எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லையே” என்றார் ஒருவர். வெளியூரில் இருக்கும் சில வீட்டுக்காரர்கள் “குடியிருப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று போனில் சொல்லிவிட்டார்கள். குடியிருப்பவர்களோ கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்குள் வந்த 1 லட்சத்து 30 ஆயிரத்தில் பாதிக்கு மேல் வாடகை வீடுகளிலிருந்து வந்தது. நம் விதிமுறைப்படி அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த விதியைத் திருத்தும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது. அதற்குள் யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

மீதித் தொகை தை முடிவதற்குள் சேர்ந்தது. சிலர் இரண்டு பங்கு, மூன்று பங்கு கொடுத்தார்கள், பெயர் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். கொடுக்காதவர்கள் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, ஒட்டவில்லை. பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிப்ரவரியில் டிடி எடுத்துக் கட்டினோம். டெண்டர் முடிந்து மே மாதம் வேலை தொடங்கியது. வேலியும் நடைபாதையும் முடிந்துவிட்டன. ஊஞ்சல் கம்பத்தை ஒப்பந்தக்காரர் கான்கிரீட் போடாமல் வெறும் மண்ணில் நட்டிருந்தார். தலைவர் ஒரு கையால் ஆட்டிக் காட்டினார், கம்பம் ஆடியது. மறுபடி தோண்டி நட வைத்தோம். விளக்கு இன்னும் எரியவில்லை.

இனி குப்பை. குப்பையை வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதி சொன்னது. விதி வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், பச்சை, நீலத் தொட்டி இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு ஒன்றில் அரிசி கொட்டி வைத்திருக்கிற வீடுகள் நம்மிடம் உண்டு. ஜூன் மாதம் நானும் துணைச் செயலாளர் அம்மாவும் பத்து நாள் வண்டியோடு நடந்து கணக்கெடுத்தோம். பிரித்துக் கொடுத்தவை 40 வீடுகள். முதல் நாள் வண்டியில் வந்த தூய்மைப் பணியாளர் ஒரு பையைப் பிரித்தார். சாம்பார், பல்பு, டயபர் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. “இது யார் வீடு?” என்று நான் அதட்டலாகக் கேட்டேன். “உங்க வீடுதான் சார்” என்றார். பேரன் வந்திருந்த வாரம் அது. அன்றைக்குப் பிறகு நான் யாரையும் அதட்டவில்லை.

இப்போது 110 வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன. பல மாதமாக எண்ணிக்கை அதற்கு மேல் ஏறவில்லை. டயபர், நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அந்தப் பணியாளர் அதைக் கையால்தான் எடுக்கிறார். சங்கம் கையுறை வாங்கிக் கொடுத்தது, இரண்டு மாதத்தில் கிழிந்துவிட்டது, மறுபடி வாங்க வேண்டும். தென்சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டித்தான் போய்க் குவிந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மலைபோல் கிடந்த பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்தார்கள். வீட்டில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அங்கே இயந்திரம் வைத்து வருடக்கணக்கில் நடந்தது.

மாசி, பங்குனியில் வேப்பிலை கொட்டும், கொட்டியதைக் கூட்டிக் கொளுத்துவது நம் வழக்கம். இந்த முறை முனை நிலத்தின் பின்பக்கம் கம்பி வலையில் இரண்டு கூண்டு செய்து உரம் போட்டோம். முதல் கூண்டு நாறிவிட்டது. சருகைக் குறைத்துச் சமையலறைக் கழிவை அதிகம் கொட்டியது என் தவறு. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன வார்த்தைகளை இங்கே வாசிக்க முடியாது. பிறகு அவரே வந்து, ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு கூடைச் சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது கூண்டு நன்றாக மக்கியது. அவரையே உரக் குழுவுக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறோம்.

மற்றவை சுருக்கமாக. 2024 அக்டோபர் 15 மழையில் முதல் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது அவ்வளவு இல்லை, அதற்குள் வடிகால் வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கை இளைஞர்கள் எடுத்திருந்தார்கள். போகிக்கு முன்னால் எட்டுப் பழைய டயர்களைச் சேகரித்து மாநகராட்சி வண்டியில் ஏற்றினோம், ஒன்பதாவது டயர் எரிந்தது, யார் என்று தெரியும். தெருநாய் விஷயத்தில் முன்னேற்றம் இல்லை. சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, கடைசி நாளில் எனக்கு போன் செய்ய வேண்டாம். பகுதி சபைக் கூட்டங்கள், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டங்கள், 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று தொடங்கின. கடைசியாக நடந்ததற்கு நம் நகரிலிருந்து போனது ஐந்து பேர். அதில் மூவர் செயற்குழு. வாட்ஸ்அப் குழுவில் மழைநீர் வடிகாலைப் பற்றி அன்று காலை வந்த செய்திகள் 64.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பூங்காச் சாவி முதல் தெரு மளிகைக் கடையில் இருக்கும், காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு எட்டுக்குப் பூட்டுவார்கள். உரம் வேண்டுபவர்கள் ஞாயிறு காலை சொந்தப் பையோடு வரவும், வீட்டுக்கு இரண்டு கிலோ. கேரி பேக்கில் போட்டுத் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்